பத்து டன் பந்தும் ஒரு கோச்சின் ஊரும்: நாக்ஸ்வில் மகளிர் கூடைப்பந்துப் புகழரங்கம்

அட்லாண்டாவில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஆறு மாதம் தங்க வந்திருக்கிறேன். வந்த முதல் வாரமே ஒரு பட்டியலை நீட்டினான். நயாகரா, நியூயார்க், டிஸ்னி. "அதெல்லாம் இருக்கட்டும்ல, முதல்ல என்னைய நாக்ஸ்வில்லுக்குக் கூட்டிட்டுப் போ" என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்திக்கு விளங்கிவிட்டது. பதினோரு வயது, பள்ளி அணியில் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு. "ஆச்சி, லேடி வால்ஸ் ஊரா?" என்று எழுந்து நின்றுவிட்டாள். நாக்ஸ்வில்லில் இருக்கும் டென்னிசி பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணிகளுக்கு அந்தப் பெயர், அதில் கூடைப்பந்து அணிதான் பிரபலம்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் 31 வருடம் பி.இ.டி டீச்சராக இருந்தவள். 1989-ல் சேர்ந்து 2020-ல் ஓய்வு பெற்றேன். அந்த வருடங்களில் பெரும்பகுதி பேஸ்கட்பால் கோர்ட்டில்தான் போனது. உடற்கல்விக் கல்லூரியில் நான் படிக்கும்போது எங்கள் பேராசிரியை ஒருநாள் கரும்பலகையில் ஒரு பெயரை எழுதிப்போட்டார்: பேட் சம்மிட். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணிக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த கோச், டென்னிசி பல்கலைக்கழகத்தில் வேலை, வயது முப்பத்திரண்டு. அந்தப் பெயரை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று மனதில் இருந்தது.

அட்லாண்டாவிலிருந்து சட்டனூகா வழியாக மூன்றரை மணி நேரம். ஊருக்குள் நுழைந்ததும் முதலில் தெரிவது அந்தப் பந்துதான். உலகத்திலேயே பெரிய கூடைப்பந்து: 30 அடி உயரம், 10 டன் எடை, மகளிர் கூடைப்பந்துப் புகழரங்கக் கட்டடத்தின் வடக்கு முனையில் கண்ணாடிப் படிக்கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தெரு பெயரே ஹால் ஆஃப் ஃபேம் டிரைவ். 1999 ஜூனில் திறந்த இடம். உலகெங்கும் உள்ள பெண்கள் கூடைப்பந்துக்கான அரங்கம் இது, டென்னிசி அணிக்கு மட்டும் என்று கட்டியதல்ல. ஆனால் இதை ஏன் இந்த ஊரில் வைத்தார்கள் என்று கேட்டால் அந்த அணியின் கதையைத்தான் சொல்ல வேண்டும். அதனால் அரங்கத்தையும், ஒரு மைல் தள்ளி ஆற்றங்கரையில் இருக்கும் பல்கலைக்கழகத்தையும் ஒரே நாளில் சேர்த்துப் பார்ப்பதுதான் சரி. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

உள்ளே போனதும் 17 அடி வெண்கலச் சிலை. மூன்று பெண்கள், மூன்று காலம்: நேற்று, இன்று, நாளை. பேத்தி அங்கே நிற்கவே இல்லை. எனக்கும் சிலையைவிட அதற்கு அப்புறம் இருந்ததுதான் முக்கியமாகப் பட்டது. சென்டா பெரன்சன் பகுதி.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தார் என்பது எல்லா பி.இ.டி-க்கும் மனப்பாடம். கொஞ்ச நாளிலேயே, பக்கத்தில் நார்தாம்ப்டனில் ஸ்மித் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த பெரன்சன் அதைத் தன் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1893 மார்ச்சில் முதலாமாண்டுப் பெண்களும் இரண்டாமாண்டுப் பெண்களும் மோதினார்கள். ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. ஆனால் பெண்களுக்காக அவர் விதிகளை மாற்றினார். கோர்ட்டை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியில் நிற்பவள் அடுத்த பகுதிக்குப் போகக் கூடாது. எதிராளி கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மூன்று தடவைக்கு மேல் தட்டக் கூடாது. பெண்கள் களைத்துவிடக் கூடாது, முரட்டுத்தனமாகிவிடக் கூடாது என்பதுதான் கவலை. பெரன்சனே பேசுவதுபோல அசையும் உருவம் ஒன்று அங்கே இருக்கிறது. அதன் முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன். அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் அந்த விதிகளை எழுதியிருக்காவிட்டால் கல்லூரி நிர்வாகம் பெண்களை விளையாடவே விட்டிருக்காது. கதவு அரைவாசி திறந்ததே பெரிய காரியம். ஆனால் அரைவாசி திறந்த கதவை அப்படியே எண்பது வருடம் விட்டுவைத்தார்களே, அதுதான் தாங்கவில்லை.

டென்னிசி மாநிலப் பள்ளிகளில் 1979 வரை பெண்கள் 'ஆறு பேர்' ஆட்டம்தான் ஆடினார்கள். ஒரு அணியில் ரிங்கில் பந்து போட மூன்று ஃபார்வர்டு, எதிராளியைத் தடுக்க மூன்று கார்டு. பாதிக்கோட்டைத் தாண்டக் கூடாது. கார்டாக இருப்பவள் பள்ளி முடியும் வரை ரிங்கைப் பார்த்துப் பந்து போடவே மாட்டாள். இரண்டு தட்டு, ஒரு பாஸ், அவ்வளவுதான் அவள் ஆட்டம்.

கீழ்த்தளத்தில் நாமே பந்தை எடுத்து ஆடிப் பார்க்கக் கோர்ட் வைத்திருக்கிறார்கள். அங்கே பேத்தியைப் பாதிக்கோட்டுக்குப் பின்னால் நிறுத்தினேன். "இந்தக் கோட்டைத் தாண்டாதே. ரெண்டு தட்டு, பாஸ். நீ கார்டு" என்றேன். மகன் எதிர்ப்பக்கம் நின்றான். இரண்டு நிமிடம் தாங்கினாள். அப்புறம் பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஆச்சி, நான் எப்போ போடுறது?" என்றாள். "போடவே முடியாது, ராசாத்தி." "எப்பவுமேவா?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் கோட்டைத் தாண்டி ஓடி லே-அப் போட்டுவிட்டாள்.

அதே கேள்வியை 1976-ல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனாள் ஓக் ரிட்ஜ் பள்ளி மாணவி ஒருத்தி. ஓக் ரிட்ஜ் நாக்ஸ்வில்லுக்குப் பக்கத்து ஊர்தான். தான் கார்டு என்பதால் பந்து போடக் கற்றுக்கொள்ளவே முடியவில்லை, கல்லூரியில் எந்த அணி தன்னைச் சேர்க்கும் என்பது அவள் வாதம். கல்லூரிகளில் ஐந்து பேர் ஆட்டம் வந்துவிட்டது, பள்ளியில் மட்டும் பாதிக் கோர்ட். அந்த வழக்கில் அவளுக்காகச் சாட்சி சொன்னவர்களில் பேட் சம்மிட்டும் ஒருவர். கீழ்க்கோர்ட்டில் அந்தப் பெண் ஜெயித்தாள், மேல்முறையீட்டில் தோற்றாள். ஆனாலும் மூன்றே வருடத்தில் மாநிலமே ஐந்து பேர் ஆட்டத்துக்கு மாறிவிட்டது.

என் சர்வீஸில் பார்த்தது இதேதான். 'பொம்பளைப் பிள்ளைகளுக்கு டென்னிகாய்ட் போதும், த்ரோபால் போதும், பேஸ்கட்பாலில் இடித்துக்கொள்வார்கள்' என்று சொன்ன தலைமையாசிரியையும் உண்டு. டென்னிகாய்டைக் குறைத்துச் சொல்லவில்லை, அது நல்ல விளையாட்டு. ஆனால் ஓடவும் இடிபடவும் விழுந்து எழவும் துடிக்கும் பிள்ளைக்கு அதைக் கொடுத்துச் சமாதானம் செய்யக் கூடாது. பிள்ளைக்கு எந்த அளவு ஆட்டம் கொடுக்கிறோமோ அந்த அளவுதான் அவள் வளர்வாள். இதை நான் முப்பது வருடம் கண்ணால் பார்த்தேன்.

ரெட் ஹெட்ஸ் அணியின் நீளமான கார் ஒன்று இருக்கிறது. 1936-ல் மிசௌரியில் தொடங்கி ஐம்பது வருடம் ஊர் ஊராகப் போய், ஆண்கள் அணிகளோடு ஆண்கள் விதியிலேயே ஆடிய பெண்கள். எல்லாரும் முடிக்குச் சிவப்புச் சாயம் போட்டுக்கொள்வார்களாம். ஒரு அணி முழுவதும் இந்த ஒரே வண்டியில் பயணம். பார்க்க வேண்டியதுதான். ஜெர்சி, கோப்பை, காலணி வரிசைகளை நான் சீக்கிரமே கடந்துவிட்டேன். வீரர்களைத் தெரிந்தவர்கள் அங்கே அரைநாள் நிற்பார்கள்.

இனி லேடி வால்ஸ் அணிக்கு வருகிறேன். டென்னிசி பல்கலைக்கழகத்தில் பெண்கள் கூடைப்பந்து 1903-லேயே உண்டு. முதல் ஆட்டம் மேரிவில் கல்லூரிக்கு எதிராக. 1926-ல் நிறுத்திவிட்டார்கள். அமெரிக்கா முழுவதுமே அப்போது பெண்களுக்குப் போட்டி ஆட்டம் நல்லதல்ல என்று கல்வியாளர்கள் பேசிக்கொண்டிருந்த காலம். அறுபதுகளில்தான் அணி திரும்ப உயிர்பெற்றது. 1972-ல் 'டைட்டில் நைன்' சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்களில் பாலின வேறுபாடு காட்டக் கூடாது என்று ஆனது. இரண்டு வருடம் கழித்து, 1974-ல், டென்னிசி அணிக்குத் தலைமைக் கோச்சாக வந்த பெண்ணுக்கு வயது 22. உதவிக் கோச்சாக வரத்தான் ஒப்புக்கொண்டவர். தலைமைக் கோச் விடுப்பில் போய்விட, பொறுப்பு இவர் தலையில் விழுந்தது.

அவர்தான் பேட் சம்மிட். கல்யாணத்துக்கு முன்னால், அப்போது அவர் பெயர் பேட் ஹெட். விவசாயக் குடும்பம். வைக்கோல் பரணில் ரிங் மாட்டி அண்ணன்மாரோடு ஆடி வளர்ந்தவர். அவர்கள் இருந்த கிளார்க்ஸ்வில்லில் பெண்கள் அணி இல்லை என்பதால் மகள் ஆடுவதற்காகக் குடும்பமே பக்கத்து மாவட்டத்துக்கு வீடு மாறியது. இதைப் படிக்கும்போது என் கண் நிறைந்துவிட்டது. எத்தனை அப்பாமாரிடம் ஒரு சனிக்கிழமை மேட்சுக்கு அனுமதி கேட்டுக் கெஞ்சியிருக்கிறேன் நான்! அங்கே ஒரு அப்பா வீட்டையே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். ஆனாலும் கல்லூரியில் அண்ணன்மாருக்கு விளையாட்டு உதவித்தொகை கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. பெண்களுக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை. அப்பா அம்மாதான் பணம் கட்டினார்கள்.

முதல் சம்பளம் மாதம் 250 டாலர். அதோடு முதுகலைப் படிப்பு, வகுப்பு எடுப்பது, காயப்பட்ட முழங்காலைச் சரிசெய்துகொண்டு 1976 ஒலிம்பிக்குக்குத் தயாராவது எல்லாம் சேர்த்து. அணியின் வேனை அவரே ஓட்டினார். ஜெர்சியை வீட்டில் அவரே துவைத்தார். அந்த ஜெர்சி வாங்கிய பணமும் டோனட் விற்றுச் சேர்த்தது. ஒருமுறை வெளியூர் போய் எதிரணியின் ஜிம்மிலேயே ஸ்லீப்பிங் பேக் விரித்துப் படுத்தார்கள். 1974 டிசம்பரில் மெர்சர் பல்கலைக்கழகத்துக்கு எதிராக முதல் ஆட்டம். 84-83, ஒரு புள்ளியில் தோல்வி. முதல் வெற்றி ஜனவரியில்தான் வந்தது.

ஜெர்சி துவைத்த கதையை மகனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாரதியார் தினப் போட்டி, குடியரசு தினப் போட்டி வந்தால் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் பன்னிரண்டு ஜெர்சி காயும். அவன் சின்ன வயதில் அதற்குக் கீழே பம்பரம் விட்டவன். அந்த இடத்தில் நின்று, "அம்மா, நீங்களும் இப்படித்தானே" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

அதற்குப் பிறகு நடந்தது எண்களாகச் சொன்னால் சீக்கிரம் முடிந்துவிடும்: 38 சீசன், 1098 வெற்றி, 208 தோல்வி, 8 தேசியக் கோப்பை. 1987, 1989, 1991, தொடர்ந்து 1996, 97, 98, அப்புறம் 2007, 2008. 1997 கோப்பைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த சீசனில் பத்து ஆட்டம் தோற்றிருந்தார்கள், யாரும் நம்பிக்கை வைக்கவில்லை. அதுவரை ஒரு ஆட்டமும் தோற்காமல் வந்த கனெக்டிகட் அணியைத் தட்டிவிட்டு மேலேறிக் கோப்பையைத் தூக்கினார்கள். அடுத்த வருடம் ஷமீக் ஹோல்ட்ஸ்க்ளா, செமீகா ராண்டல், டமீகா கேட்சிங்ஸ் என்று மூன்று 'மீக்'குகள். 39 ஆட்டம், 39 வெற்றி. 2006-ல் கேண்டஸ் பார்க்கர் என்.சி.ஏ.ஏ என்ற கல்லூரிகளுக்கான தேசியக் கோப்பைத் தொடரில் டங்க் செய்த (எம்பி ரிங்குக்கு மேலிருந்து பந்தைத் திணித்த) முதல் பெண் ஆனார், அதுவும் ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை. பேத்திக்கு அந்தப் பெயர் தெரியும். மற்றதெல்லாம் அவளுக்குப் பழைய கதை.

மிஷேல் மார்சினியாக் என்ற பள்ளி ஆட்டக்காரியை அணிக்கு அழைக்கச் சம்மிட் பென்சில்வேனியாவுக்குப் போன கதையை வண்டியில் திரும்பும்போது சொன்னேன். 1990 செப்டம்பர், நிறைமாத கர்ப்பிணி சம்மிட். அந்தப் பெண்ணின் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே பிரசவ வலி கண்டுவிட்டது. விமானத்தில் திரும்பும் வழியில் வர்ஜீனியாவில் இறக்கிவிடட்டுமா என்று விமானி கேட்க, முடியவே முடியாது என்றாராம். அந்த வருடம் வர்ஜீனியா அணியிடம்தான் தோற்றிருந்தார்கள். பிள்ளை நாக்ஸ்வில்லில்தான் பிறந்தது. மிஷேல் முதலில் வேறு பல்கலைக்கழகம் போய், பிறகு டென்னிசிக்கு மாறி வந்து 1996 கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார்.

இத்தனையிலும் ஒரு பி.இ.டி-யாக என்னை அசைத்தது வேறு. அவருடைய அணிப் பிள்ளைகள் வகுப்பில் முதல் மூன்று வரிசையில்தான் உட்கார வேண்டும். வகுப்புக்குப் போகாவிட்டால் ஆட்டம் கிடையாது. அவரிடம் முழுக் காலமும் ஆடி முடித்த அத்தனை பேரும் பட்டம் வாங்கினார்கள். 'ஸ்போர்ட்ஸ் பிள்ளைக படிக்காது' என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டுக் கேட்டுக் காது புளித்த எனக்கு, அந்த ஒரு தகவலைப் பெரிதாக எழுதி ஊரில் ஒவ்வொரு பள்ளி வாசலிலும் மாட்ட வேண்டும் போலிருந்தது.

லாக்கர் ரூம்போல ஒரு அறை வைத்திருக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் கோச்சுகள் இடைவேளையில் பேசுவதைக் கேட்கலாம். நான் இரண்டு முறை உட்கார்ந்தேன். ஆங்கிலம் முழுக்கப் பிடிபடாவிட்டாலும் அந்தத் தொனி எனக்கு அத்துப்படி.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். தாம்ப்சன்-போலிங் அரங்கம் 1987-ல் திறந்தது. அந்த டிசம்பரிலேயே டெக்சஸ் அணிக்கு எதிரான பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க 24,500 பேருக்கு மேல் வந்தார்கள். பதின்மூன்று வருடம் முன்னால் டோனட் விற்ற அணி! 2005-ல் அங்குள்ள கோர்ட்டுக்கே 'தி சம்மிட்' என்று பெயர் வைத்தார்கள். எதிரே சம்மிட் பிளாசா. 2013-ல் திறந்தது. செங்கல் சுவர்கள், நடுவில் வெண்கலத்தில் அவர், முகம் அரங்கத்தைப் பார்த்து.

2011 ஆகஸ்டில், 59 வயதில், தனக்கு அல்சைமர் என்று அவரே ஊருக்கு அறிவித்தார். அதோடு இன்னொரு சீசன் கோச்சாக நின்றார். 2012-ல் பொறுப்பைத் தன்னிடம் ஆடிய, தனக்கு 27 வருடம் துணைக் கோச்சாக இருந்த ஹாலி வார்லிக்கிடம் கொடுத்தார். 2016 ஜூன் 28-ல் போய்ச் சேர்ந்தார். என் அம்மாவுக்கும் கடைசி நான்கு வருடம் இதே நோய்தான். என் பெயர் மறந்துபோன பிறகும், நான் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினால் 'மேட்ச்சா?' என்று கேட்பாள். அந்தச் சிலைக்கு முன்னால் உட்கார்ந்து இதைப் பேத்தியிடம் சொன்னேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். அங்கே பெஞ்சில் அரைமணி நேரம் போனது.

2008-க்குப் பிறகு அந்த அணிக்குக் கோப்பை இல்லை. வார்லிக்குக்குப் பின் 96-98 கோப்பைகளில் ஆடிய கெல்லி ஹார்ப்பர், 2024-லிருந்து கிம் கால்ட்வெல். நடுவில் ஒரு காலம், கூடைப்பந்தைத் தவிர மற்றப் பெண்கள் அணிகளுக்கு 'லேடி வால்ஸ்' என்ற பெயரே வேண்டாம் என்று பல்கலைக்கழகம் எடுத்தது. பழைய வீராங்கனைகளும் ரசிகர்களும் விடாமல் குரல் கொடுத்து 2017-ல் திரும்ப வாங்கினார்கள். 'லேடி' என்ற ஒட்டு எதற்கு என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள், நியாயம்தான். ஆனால் அந்தப் பெயரை அவர்களுக்கு யாரும் தானமாகக் கொடுக்கவில்லை, வேன் ஓட்டி, ஜெர்சி துவைத்துச் சம்பாதித்தது. நான் அந்த ரசிகர்கள் பக்கம்.

போக நினைப்பவர்களுக்கு: புகழரங்கம் ஞாயிற்றுக்கிழமை கிடையாது, கோடையிலும் குளிர்காலத்திலும் நேரம் மாறும், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். டிக்கெட் இங்கே ஒரு சினிமாவுக்குப் போவதைவிடக் குறைவு. மூன்று மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் கட்டாயம் கான்வாஸ் ஷூ போட்டுக் கூட்டிப்போங்கள், கீழ்க்கோர்ட்டில் செருப்போடு ஆட முடியாது. சேலை கட்டிய நானே ஆறு ஃப்ரீ த்ரோ போட்டேன், நான்கு விழுந்தது. வெளியே தெற்குப் பக்க முற்றத்தில் செங்கல்லிலேயே பெரிய பந்து ஒன்று பதித்திருக்கிறார்கள், அதையும் தவறவிடாதீர்கள். இந்த விளையாட்டில் ஆர்வமே இல்லாத கணவன்மாரைக் காப்பிக் கடையில் விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் பெண் பிள்ளைகளின் அப்பாமாரைக் கட்டாயம் உள்ளே கூட்டிப்போங்கள்.

ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன்.

நவம்பரில் சீசன் தொடங்குகிறது. எனக்கு ஜனவரி வரை இங்கே இருப்பு. மகன் திரும்பும்போதே வண்டியை ஓரம் நிறுத்தி, டென்னிசி சொந்த ஊரில் ஆடும் ஆட்டத்துக்கு நான்கு டிக்கெட் தேடிக்கொண்டிருந்தான். "மேல் வரிசையா, கீழ் வரிசையா அம்மா?" என்றான். பின்சீட்டிலிருந்து பேத்தி சொன்னாள்: "முதல் மூணு வரிசை."